குறிச்சொல்வழித் தேடலும் தொகைநூல் குறிப்பு மரபும்: ‘காஞ்சி’ என்னும் சொல்லை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினியில் உள்ள தமிழ்ப் பனுவல்களில் தேவையானதைக் கண்டெடுக்க இரு வழிகள் உள்ளன. பாடலுக்குள் வரும் சொல்லைத் தேடுவது ஒன்று. பாடலுக்கு வெளியே ஒருவர் இட்டுவைத்த குறிச்சொல்லைத் தேடுவது மற்றொன்று. சங்கத் தொகைநூல்களில் பாடல்தோறும் காணப்படும் திணை, துறை, கூற்று, பாடியோர், பாடப்பட்டோர் குறிப்புகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதையும், அவற்றைக் கணினித் தேடலுக்குப் பயன்படுத்தும்போது எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குறிச்சொல் என்பது தரவு அன்று, ஒரு வாசிப்பு; ஆதலின் அது எந்த மரபின்படி இடப்பட்டது என்பதும் உடன் பதிவாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குறிச்சொல், திணை, துறை, கூற்று, காஞ்சி, கரந்தை, பண்முறை, தலமுறை

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் இக்கட்டுரையாளரின் ஊர். தம் வட்டாரம் பற்றிய இலக்கியச் சான்றுகளைத் திரட்ட விரும்பும் எவரும் கணினியில் முதலில் உள்ளிடும் சொல் ‘காஞ்சி’ என்பதாகவே இருக்கும். அவ்வாறு தேடினால் நகரின் பெயர் மட்டும் வருவதில்லை. ஆற்றங்கரையில் வளரும் காஞ்சி மரம் வரும். மகளிர் இடையில் அணியும் காஞ்சி என்னும் அணி வரும். நொய்யலாற்றின் பழம்பெயர் வரும். புறத்திணைகளுள் ஒன்றான காஞ்சி வரும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும், பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான முதுமொழிக்காஞ்சியும் வரும். தேடியது ஒன்று, கிடைத்தவை பல.

இதற்கு எதிரான குறையும் உண்டு. சங்க நூல்களுள் இந்நகரை விரிவாகப் பேசுவது கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை. அந்நூல் நகரைக் ‘கச்சி’ என்றே சுட்டுகிறது. காஞ்சி என்னும் சொல் அதில் மரத்தைக் குறித்து வருகிறது. எனவே ‘காஞ்சி’ எனத் தேடும் ஆய்வாளர் நகரைத் தேடி மரத்தை அடைகிறார். நகர் அவர் கண்ணில் படாமலே போகிறது. வேண்டாதது வருதல், வேண்டியது வராமை என்னும் இவ்விரு குறைகளும் சொல்தேடலின் இயல்பு. இவற்றைக் களைய ‘இடம்: காஞ்சிபுரம்’ என்பது போன்ற ஒரு குறிப்பைப் பனுவலுக்கு வெளியிலிருந்து ஒருவர் இட்டாக வேண்டும். அக்குறிப்பே குறிச்சொல்.

சொல்தேடலின் எல்லை

தமிழில் சொல்தேடல் இடர்ப்படுவதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம். ‘மரம்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது மரத்தை, மரத்தால் எனத் திரியும். ‘மரம்’ என்ற எழுத்துக்கோவையை மட்டும் தேடும் கணினி இவற்றைக் காணாது. புணர்ச்சியால் சொல்லின் முதலும் ஈறும் மாறும். செய்யுளில் சீர்பிரித்து அச்சிடும்போது ஒரு சொல் இரு துண்டாகி இரு சீர்களில் நிற்கும்.

ஊர்ப்பெயரிலும் இதே நிலைதான். அச்சரப்பாக்கம், நுங்கம்பாக்கம் போன்ற பெயர்களைத் தொகுக்க எண்ணிப் ‘பாக்கம்’ எனத் தேடினால், பகரம் வகரமாகத் திரிந்து வழங்கும் வில்லிவாக்கம், முசரவாக்கம் போன்றவை வாரா. இவ்வூர்களைப் ‘பாக்கம்’ என்னும் குறிச்சொல்லின்கீழ்க் கொண்டுவர வேண்டுமானால், அத்திரிபை அறிந்த ஒருவர் அதனைக் கையால் இட வேண்டும்.

எழுத்துருக் குறியேற்றமும் இடையூறு செய்யும். ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் இயல்பாக்கி ஒப்பிடாத கணினிக்கு அவை வேறுவேறு. இத்தகைய பிழைகளை நிரல்வழி நீக்கலாம். ஆனால், காஞ்சி என்பது மரமா நகரா திணையா என்பதைப் பாடலைப் படித்துத்தான் துணிய முடியும்.

வரிசையும் குறிச்சொல்லும்

பாடல்களை வகைப்படுத்தி மீட்டெடுக்கும் வழிகளைத் தமிழ்த் தொகுப்பாளர்கள் நெடுங்காலம் முன்பே கண்டிருந்தனர். அவற்றுள் முதல்வழி, அடுக்குமுறையையே குறிப்பாக்குவது. ஐங்குறுநூறு மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை எனத் திணைக்கு நூறாக அடுக்கப்பட்டது; ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, வேட்கைப்பத்து, வேழப்பத்து எனப் பெயரும் பெற்றது. அகநானூற்றில் பாடலின் எண்ணே திணையைச் சொல்லிவிடுகிறது. ஒற்றைப்படை எண்கள் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். இவ்வாறு பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் 40 வீதம் என 400 பாடல்களும் அமைகின்றன. இது மனத்தில் கொள்ள எளியது. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழைசெய்தாலும் எளிதில் புலப்படுவது.

ஆயினும், அடுக்குமுறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாடல் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும். தொல்காப்பியம் திணை மயங்குதலை விலக்கவில்லை. நெய்தற் கருப்பொருள் மிகுந்த பாடல் பாலையின் உரிப்பொருளைக் கொண்டிருக்கலாம். அகநானூற்று எண்முறை அதற்கு ஒரே ஓர் இடத்தைத் தரும். குறிச்சொல்லோ பலவாக இருக்கலாம்.

இவ்வேறுபாட்டைத் தேவாரம் தெளிவாகக் காட்டுகிறது. தேவாரப் பதிகங்களைப் பண்வாரியாக அடுக்குவது பண்முறை. ஊர்வாரியாக அடுக்குவது தலமுறை. கச்சியேகம்பத்தின்மீது சம்பந்தர் பாடியவை 4, அப்பர் பாடியவை 7, சுந்தரர் பாடியது 1 என 12 பதிகங்கள் உள்ளன. பண்முறைப் பதிப்பில் இவை முதல் ஏழு திருமுறைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தலமுறைப் பதிப்பில் ஓரிடத்தில் திரண்டு நிற்கின்றன. ஆனால் அங்கே பண் சிதறிவிடுகிறது. ஓதுவார்க்கு ஒருமுறையும் தலவழிபாடு செய்வார்க்கு மற்றொரு முறையும் வேண்டியிருந்தமையால் இரு பதிப்புகளும் வேண்டியிருந்தன. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து 1940இல் வெளிவந்த சமாசப் பதிப்பு, சங்கப் பாடல்களைத் தொகைநூல் வரிசையிலிருந்து பெயர்த்துப் புலவர் வரிசையில் அடுக்கியதும் இத்தகைய தேவையை நோக்கியதே. ஒவ்வொரு புதிய கேள்விக்கும் ஒரு புதிய அடுக்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு புதிய பதிப்பு என்பது அச்சுக்காலத்தின் நிலை. பண், தலம், புலவர் மூன்றையும் குறிச்சொற்களாக இட்டுவிட்டால் ஒரே தரவுத்தொகுப்பு மூவகைப் பதிப்புமாகப் பயன்படும்.

புறநானூற்றுக் குறிப்புகளின் அமைப்பு

புறநானூற்றுப் பாடல்கள் பெரும்பாலானவற்றின் இறுதியில் திணை, துறை, பாடப்பட்டோர், பாடியோர் என்னும் நான்கு செய்திகள் உள்ளன. பதிற்றுப்பத்தில் துறை, வண்ணம், தூக்கு, பாடற்பெயர் என வேறு நான்கு. பரிபாடலில் இசை வகுத்தோர் பெயரும் பண்ணும் சேர்கின்றன. இவை ஒரே வகைச் செய்திகள் அல்ல. ஒன்று பொருளையும், ஒன்று யாப்பையும், ஒன்று இசையையும், ஒன்று ஆளையும் சுட்டுகின்றன.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே தலைப்பில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துச் சுட்டும் நெறியை நூலகவியலில் நிலைநிறுத்தியது. பல முகங்களைத் தனித்தனியே குறித்து, வேண்டும்போது இணைத்துப் பார்ப்பது அந்நெறியின் உயிர்நிலை. புறநானூற்றுக் குறிப்புகளும் அவ்வாறு இணைத்துப் பார்ப்பதற்கு இடந்தருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி என்னும் இரண்டையும் இணைத்துத் தேடினால் 182, 183, 189, 192 ஆகிய பாடல்கள் உடன்வரும். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பிறர்க்கென முயலும் மாந்தரைப் பேசுகிறார். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியைப் பேசுகிறார். நக்கீரனார் அரசனுக்கும் வேட்டுவனுக்கும் உணவும் உடையும் ஒத்திருத்தலையும் செல்வத்தின் பயன் ஈதல் என்பதையும் பேசுகிறார். கணியன் பூங்குன்றனார் உலகோரைக் கேளிராகக் காணும் நோக்கைப் பேசுகிறார். பாடுபொருள் வேறு, புலவர் வேறு. சொல்தேடலால் இவற்றை ஓரினமாகத் திரட்டுவது அரிது. வாழ்வின் உறுதிப்பொருளை எடுத்துரைப்பவை என்னும் ஒப்புமையைக் கண்டு துறைக்குறிப்பு இட்டவரே இவற்றை ஓரினமாக்கினார். பரவலாக அறியப்பட்ட 192ஆம் பாடலைத் தனிமுழக்கமாகப் படிப்பதற்கும் இவ்வினத்துள் வைத்துப் படிப்பதற்கும் வேறுபாடு மிகுதி. குறிச்சொல்லின் பயன் தேடியதைத் தருவதோடு நிற்பதில்லை; அதன் அண்டையில் உள்ளதையும் காட்டுகிறது.

குறிப்பு ஒரு வாசிப்பு

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. இக்குறிப்புகள் பாடலின் பகுதி அல்ல. பாடலைப் படித்தவர் இட்டவை. குறுந்தொகை 40ஆம் பாடலில் பேசுவோர் ஆணா பெண்ணா என்பதைப் பாடல் வெளிப்படச் சொல்லவில்லை. பிரிவு நேருமோ என அஞ்சிய தலைவியின் குறிப்புணர்ந்து தலைவன் கூறியது என்பது கூற்றுக்குறிப்பின் வழியே நாம் அறிவது. ‘தலைவன் கூற்று’ எனத் தேடும்போது இப்பாடல் வருமாயின், வந்தது செம்புலப்பெயனீராரின் சொல்லால் அன்று, குறிப்பாசிரியரின் துணிபால்.

புறநானூற்றில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. தொல்காப்பியம் கூறும் புறத்திணைகள் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு. அங்கே ஆநிரை மீட்டலும் வெட்சியுள் அடங்கும். மதில் காத்தலும் உழிஞையுள் அடங்கும். புறநானூற்றுக் குறிப்புகளோ கரந்தை, நொச்சி, பொதுவியல் ஆகியவற்றையும் திணைகளாகக் கொள்கின்றன. இது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை பின்பற்றும் பன்னிரு பகுப்பு மரபோடு ஒத்தது. ஆகவே, தொல்காப்பியத்தை மட்டும் மனத்திற்கொண்டு ‘வெட்சி’ எனத் தேடுபவர்க்கு ஆநிரை மீட்ட வீரரைப் பாடிய கரந்தைப் பாடல்கள் கிடைக்கமாட்டா. ‘வெட்சி அல்லது கரந்தை’, ‘உழிஞை அல்லது நொச்சி’ என இரண்டையும் சேர்த்தே அவர் தேட வேண்டும்.

காஞ்சியின் நிலை இன்னும் நுட்பமானது. தொல்காப்பியத்தில் காஞ்சி நிலையாமையைக் குறிக்கும். புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சித்திணை, படையெடுத்து வந்த வஞ்சியாரை எதிரூன்றித் தன் நாட்டைக் காத்தலைக் குறிக்கும். நிலையாமை முதலியன கூறும் காஞ்சித்துறைகள் அங்கே பொதுவியலுக்குச் சென்றுவிடுகின்றன. ஒரே குறிச்சொல் இரு இலக்கணங்களில் இரு பொருள் தருகிறது. ஆதலின் ‘திணை: காஞ்சி’ என்று மட்டும் எழுதிய தரவு முழுமையானது ஆகாது. எந்த இலக்கணத்தின் காஞ்சி என்பதும் எழுதப்பட வேண்டும். இதனை எழுதாமல், குறிப்புகளைக் கொண்டு திணைவாரிப் பட்டியலும் விழுக்காடும் கணக்கிட்டுச் ‘சங்ககாலத்தில் இத்திணையே மிகுதி’ என முடிவு கூறும் ஆய்வு, உண்மையில் சங்ககாலத்தை எண்ணவில்லை. பிற்காலக் குறிப்பாசிரியரின் வாசிப்பை எண்ணுகிறது.

பழைய குறிப்பாசிரியர்கள் இதில் நம்மினும் கவனமாக இருந்தனர். புறநானூற்று 2ஆம் பாடலுக்குச் செவியறிவுறூஉ எனத் துறை கூறி, வாழ்த்தியலாகவும் கொள்ளலாம் என்று உடன் குறித்தனர். ஒரு பாடல் இரு துறைக்கு உரியதாகலாம் என்பதை மறைக்காமல் பதிவுசெய்தனர். ஒரு பாடலுக்கு ஒரு துறை என்னும் கட்டத்தை மட்டுமே கொண்ட அட்டவணை இவ்வுண்மையை அழித்துவிடும்.

‘அது’ என்னும் குறிப்பு

ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் குறிப்புகள் பெயரும்போது நேரும் இழப்புக்கு ‘அது’ என்னும் சொல் தக்க சான்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில், தொடர்ந்து வரும் பாடல்கள் ஒரே திணை துறையைச் சார்ந்தவையாயின் ‘திணை அது, துறை அது’ எனவும், ‘அவனை அவர் பாடியது’ எனவும் குறிப்புகள் அமைவதைக் காணலாம். வரிசையாகப் படிப்பவர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. முன்பாடலைப் பார்த்தால் பொருள் விளங்கும். ஆனால் ஒவ்வொரு பாடலையும் தனித்தனிப் பதிவாகப் பிரிக்கும் தரவுத்தளத்தில் ‘அது’ எதனைச் சுட்டும்? முன்பாடல் அதற்கு அண்டையில் இல்லை. ‘பாடாண்’ எனத் தேடினால் ‘அது’ என்றிருக்கும் பாடாண் பாடல்கள் அனைத்தும் விடுபடும். முடிவில் கிடைக்கும் எண்ணிக்கை உண்மையினும் குறைவாக இருக்கும். அக்குறைவு ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு ‘அது’ என்பதை அழித்து முன்குறிப்பை எழுதுவது மட்டும் அன்று. முன்பாடலின் குறிப்பில் பாடவேறுபாடு இருப்பின் அது பின்பாடலையும் தொடரும். ஆகவே மூலக்குறிப்பு ஒரு புலத்திலும், விரித்துக்கொண்ட குறிப்பு மற்றொரு புலத்திலும் இருத்தல் வேண்டும்.

வழக்குச்சொற்களில் குறிச்சொல்

இச்சிக்கல்கள் பழம்பனுவலுக்கு மட்டும் உரியவை அல்ல. நெசவுத்தொழிற் சொற்களைத் திரட்டும்போதும் இவை எழுகின்றன. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுநெசவில் உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமைந்து ஒன்றோடொன்று பிணைக்கப்படும் முறை கோர்வை எனப்படும். இதனைக் ‘கொர்வை’ எனவும் எழுதுவர். சரிகை, ஜரிகை என இரு வடிவம் உண்டு. முந்தானை, முந்தி, தலைப்பு என ஒரு பகுதிக்கு மூன்று பெயர் உண்டு. களப்பணியில் பதிந்த உரையாடல்களுக்குத் தகவலாளர் சொன்ன வடிவத்தையே குறிச்சொல்லாக இட்டால், மூன்று பெயருக்கு மூன்று குவியல் உருவாகும். ஆய்வாளர் தாமே ஒரு பொதுச்சொல்லைத் தேர்ந்து இட்டால் தேடல் எளிதாகும். வழக்கு வேறுபாடு மறையும்.

இரண்டையும் காக்க வழி உண்டு. பொதுச்சொல் ஒன்றைத் தலைமைக் குறிச்சொல்லாகக் கொண்டு, ஏனைய வடிவங்களை அதனோடு இணைத்துவைத்தல் வேண்டும். ‘முந்தி’ எனத் தேடினாலும் ‘தலைப்பு’ எனத் தேடினாலும் ஒரே தொகுதி வரும். ஆனால் பதிவில் தகவலாளரின் சொல் அப்படியே இருக்கும். ஒரு பொருட்குப் பல பெயரைத் தொகுத்தல், பல பொருட்கு ஒரு பெயரைத் தொகுத்தல் என நிகண்டுகள் செய்த பணியும் இதுவே. கச்சியும் காஞ்சியும் ஒரு பொருட்குப் பல பெயர். மரமும் நகரும் திணையுமாகிய காஞ்சி பல பொருட்கு ஒரு பெயர்.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பனுவல்களுக்குக் குறிச்சொல் இடுவோர்க்கும், குறிச்சொல்வழித் தேடுவோர்க்கும் பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம்.

1. குறிச்சொல்லைப் பெயர்ச்சொல்லின் வேற்றுமையேற்காத வடிவில், ஒரே எழுத்துமுறையில் இடுதல் வேண்டும்.

2. எவ்வகைக் குறிச்சொல் என்பதை உடன் சுட்டுதல் வேண்டும். ‘காஞ்சி’ எனத் தனித்து எழுதாமல் ‘இடம்: காஞ்சி’, ‘மரம்: காஞ்சி’, ‘திணை: காஞ்சி’ எனப் பிரித்தெழுதினால் பல பொருள் ஒரு பெயரால் வரும் மயக்கம் நீங்கும்.

3. ஒரு பாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திணை, துறை இருத்தற்கு இடமளித்தல் வேண்டும்.

4. பழங்குறிப்பு, உரையாசிரியர் கருத்து, பதிப்பாசிரியர் சேர்க்கை, இன்றைய ஆய்வாளர் இட்டது ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வைத்தல் வேண்டும். பின்னது முன்னதை அழித்தல் கூடாது.

5. தேடுவோர் குறிச்சொல்லையும் சொல்தேடலையும் இணைத்துப் பயன்படுத்த வேண்டும். முதலில் குறிச்சொல்லால் எல்லை வகுத்து, அதனுள் சொல்லைத் தேடுக. பின்னர்க் குறிச்சொல்லை விலக்கிச் சொல்லை மட்டும் தேடி, விடுபட்டவை உளவோ எனச் சரிபார்க்க.

முடிவுரை

குறிச்சொல் கணினியோடு வந்த புதுமை அன்று. அகநானூற்றின் எண்வரிசையும், புறநானூற்றின் திணை துறைக் குறிப்புகளும், தேவாரத்தின் இருவகை அடைவும் பாடலை மீட்டெடுக்கத் தமிழர் கண்ட வழிகள். அடுக்குமுறை ஒரு பாடலுக்கு ஓரிடமே தர, குறிப்பு பல வழிகளைத் திறக்கிறது. அதே வேளையில், குறிப்பு என்பது ஒருவரின் வாசிப்பு என்பதையும், வாசிப்புக்குப் பின்னே ஓர் இலக்கண மரபு நிற்கிறது என்பதையும் கரந்தை, காஞ்சி ஆகியவற்றின் நிலை காட்டுகிறது.

தமிழ்ப் பனுவல்கள் பெருமளவில் கணினிக்கு வந்துள்ள இந்நாளில், அடுத்த தலைமுறை ஆய்வாளர் சங்கப் பாடலை முதலில் சந்திப்பது நூலின் பக்கத்திலாக இராது. தேடல்முடிவின் பட்டியலிலாகவே இருக்கும். அப்பட்டியலில் எது வரும், எது வராது என்பதை முடிவு செய்வது நாம் இன்று இடும் குறிச்சொல். ‘அது’ என்னும் ஒரு சொல்லை விரிக்காமல் விட்டால் ஒரு பாடல் பார்வையிலிருந்து மறையும். இரு துறையை ஒன்றாக்கினால் ஓர் உரைமரபு மறையும். ஆகவே குறிச்சொல் இடுதலைத் தட்டச்சுப் பணியின் பகுதியாகக் கருதாமல் பதிப்புப்பணியின் பகுதியாகக் கருதுதல் வேண்டும். குறிச்சொல் இட்டவரின் பெயரும் அவர் கொண்ட இலக்கணமும் பதிப்பாசிரியரின் பெயரைப் போலவே பதிவாதல் வேண்டும்.